23ஆம் வசனத்தை விட்டது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம்பிக்கை, சமாதானம், நீதி, இசை ஆகியவை குறித்து அருட்பணியாளர் ஒருவர் எழுதிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பரலோகத்துக்கு வழி சொல்வதோடு நின்றுவிடும் பிரசங்கங்கள் மலிந்துவிட்ட காலத்தில், கூலிக்காகவும் குடிநீருக்காகவும் நிலத்துக்காகவும் போராடும் மக்களைப் பற்றிப் பேசுவதும் ஊழியமே என்று ஓர் ஆயர் வெளிப்படையாக எழுதுவது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் துணிவு இசையைப் பற்றிய பகுதியில் அவரைக் கைவிட்டுவிட்டது. இசை எல்லாப் பிரிவினைகளையும் கரைத்துவிடும் என்று ஒரே வரியில் அவர் முடித்துக்கொண்டார். தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் வரலாறு தெரிந்த எவரும் அந்த வரியைக் கேள்வி கேட்காமல் கடந்துபோக முடியாது.

நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரட்டும் என்னும் வேதாகம வசனமான ஆமோஸ் 5:24ஐக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தார். 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் எடுத்தாண்டு உலகறியச் செய்த வசனம் அது. அதற்கு முந்தைய வசனத்தை மட்டும் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்பதில்லை. உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னிடமிருந்து அகற்றுங்கள், உங்கள் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன் என்று கடவுள் சொல்வதாக அமைந்தது அந்த 23ஆம் வசனம். நீதி தவறிய மக்களின் ஆராதனை இசை கடவுளுக்கு வெறும் இரைச்சல் என்று தீர்க்கதரிசி இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. இசையையும் நீதியையும் இணைத்து எழுத அமர்ந்த ஒருவர், இரண்டையும் இணைத்துப் பேசும் இடத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது.

நம் ஆலயங்களில் இன்று பாடப்படும் பாடல்களை எடுத்துக்கொள்வோம். 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு வேரூன்றிய ஐரோப்பிய மெட்டுகள் பாமாலையாக நிலைத்தன. இன்னொரு புறம், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்ற பெரும்புலவர்கள் தந்த கீர்த்தனைகள் வளர்ந்தன. சாஸ்திரியாரின் புலமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அவர் பாடல்களைப் பாடியே வளர்ந்தவன் நான். ஆயினும் 1820களில் புதிய மிஷனரிமாரோடு மூண்ட பூசலில், ஆலயத்தில் தமிழ் இசைக்காக வாதாடிய அதே சாஸ்திரியார், ஆலயத்தில் சாதி வேறுபாடு நீடிக்க வேண்டும் என்பதற்காகவும் வாதாடினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, அதை ஏற்க மறுத்துப் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர்கள்தான், ஒரே பாயில் உட்காரச் சொன்னதும் எழுந்து போனார்கள். இசை எந்தப் பிரிவினையைக் கரைத்தது?

இந்தக் கேள்வியை நம் காலத்தில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் அருட்பணி ஜே. தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). ‘பறட்டை’ என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டு, மாணவர்களுக்குப் பறட்டை அண்ணனாகவே வாழ்ந்தவர். தென்னிந்தியத் திருச்சபையின் போதகரான அவர், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இறையியலையும் இசையையும் சாதி ஒழிப்பையும் அவர் தனித்தனிப் பாடங்களாகக் கருதவில்லை. முற்போக்கு ஆயர் ஒருவர் இசையைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையில் அவருடைய பெயரே இல்லாததை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடப் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம்.

அப்பாவு முன்வைத்த வாதம் எளியது. கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையை முறையாகப் பாடப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி காலங்காலமாக யாருக்கு வாய்த்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது நாம் அறிந்ததே. பாமாலையிலோ அச்சிட்ட சொல்லை அப்படியே பாட வேண்டும். நாற்று நடும்போது பாடும் பாட்டுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கூட அதில் ஓர் அடியைச் சேர்க்கலாம், தன் வீட்டுத் துயரத்தை நுழைக்கலாம், பண்ணையாரைக் கேலி செய்யலாம். மாற்றிப் பாடுவதால் பாட்டு கெட்டுவிடும் என்று அவர் கருதவில்லை. மாற்றும் உரிமை பாடுகிறவர்களிடம் இருப்பதே அந்த இசையின் பலம் என்றார். அதனால்தான் ஆராதனை முறைமை முழுவதையும் கிராமிய மெட்டுகளில் அமைத்தார். ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை விளக்க அவர் கையாண்ட ‘ஒரு உலை’ என்ற கருத்தும் இதிலிருந்தே பிறந்தது. பல வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து உண்பதே கடவுளின் குடும்பம் என்பது அதன் சாரம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் பொதுவிருந்தான அசனத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பந்தியில் யார் பரிமாறுகிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று பார்ப்பதற்கு மட்டும் சற்று மனத்திடம் வேண்டும்.

பறை இப்போது ஆலயத்துக்குள் வந்துவிட்டதே, பிறகென்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும். வந்திருப்பது உண்மை, மகிழ்ச்சியும் கூட. எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பறையை அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலைச் சூடேற்ற வேண்டும். நேரமானால் தோல் தளர்ந்துவிடும், மீண்டும் காய்ச்சியாக வேண்டும். வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சிண்டுக்குச்சியும் பிடித்துத் தோளில் தொங்கும் பறையை முழக்குகிறவர், ஒலிபெருக்கிக்கு முன்னால் அமர்ந்து விசைப்பலகை வாசிப்பவரைப் போல ஓரிடத்தில் அடங்கியிருக்க மாட்டார். அவருக்கு இடம் வேண்டும், ஆலய வளாகத்தில் நெருப்பு மூட்ட ஒரு மூலை வேண்டும், ஆராதனையின் நேர ஒழுங்கு அவருக்காகச் சற்று விலகிக்கொடுக்க வேண்டும். பல சபைகளில் அறுப்பின் பண்டிகைப் பவனியில் பறையை முன்னே விட்டு, ஆலய வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே பாடகர் குழு வழக்கம்போல நான்கு குரலில் பாடத் தொடங்குகிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பறையும் இல்லை, அதை அடித்தவரும் இல்லை. சாவு வீட்டுக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு மக்கள் மீது சுமத்தப்பட்ட வேலையை விழா அலங்காரமாக மாற்றிக்கொள்வதற்கும், அந்த மக்களைப் பாடகர் குழுவின் தலைமையில் அமர்த்துவதற்கும் வெகுதூரம்.

சமாதானம் பற்றிய பகுதிக்கும் இது பொருந்தும். பதற்றம் இல்லாதிருப்பது ஒருவகை அமைதி, நீதி நிலவுவது வேறொரு வகை அமைதி என்று பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் பிரித்துக் காட்டினார். தம்மைப் பொறுமை காக்கச் சொன்ன சக போதகர்களுக்கு அவர் எழுதிய பதில் அது. நம் சபைகளில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதி பிரிக்கும் சுவர் இருந்த ஊர்களிலும் சமாதானக் கீர்த்தனைகள் குறைவில்லாமல் பாடப்பட்டன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அரசிடம் அந்த நீதியைக் கேட்டு ஊர்வலம் போகும் திருச்சபை, தன் ஆலயத்துக்குள் அதே மக்களுக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. கட்டுரையாளர் அரசைக் கேட்ட அளவுக்குச் சபையைக் கேட்கவில்லை.

இதே ஆயர் தொடர்ந்து எழுதவிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தம் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியான சேகரத்தின் பாடகர் குழுவில் யார் இருக்கிறார்கள், பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது யார், கிராமச் சபைகளில் மக்களே கட்டிய பாட்டு ஒன்றாவது தலைமை ஆலயத்து ஞாயிறு ஆராதனையில் இடம்பெற்றதா என்பதை அடுத்த கட்டுரையில் அவர் எழுத வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், விவரம் போதும்.

இப்படிக்கு,
பாடகர் குழு ஒன்றின் முன்னாள் உறுப்பினர்,
மதுரை.