பெயர் கேட்க மறந்த அண்ணனுக்கு நன்றி

இரண்டு மாதமாக என் காரின் பின்பக்கம் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிட்டது. ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று வண்டி நிறுத்துமிடத்தில் நான் டிக்கியை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்களாகவே வந்தீர்கள். முதலில் டிக்கியைக் காலி செய்யச் சொல்லி, பின்சீட்டின் கொக்கியை ஆட்டிப் பார்த்தீர்கள். உள்ளேயிருந்து வரவில்லை. அப்புறம் என்னை பம்பருக்கு மேலே அமுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் குனிந்து அடிப்பாகங்கள் இணையும் இடங்களில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷிலும் பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சினீர்கள். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தாங்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ் நனைந்ததும் சத்தம் சட்டென்று நின்றது! காய்ந்ததும் திரும்ப வந்தது. ரப்பர் இறுகித் தேய்ந்து, கம்பி அதற்குள் உரசித் திரும்பும் சத்தம் அது என்றீர்கள்.

எஞ்சின் ஆயில் விடட்டுமா என்று கேட்டேன், நல்லவேளை தடுத்தீர்கள். அது ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடுமாம். போடுவதானால் சிலிக்கான் கிரீஸ், அதுவும் தற்காலிகம்தான் என்றீர்கள். சரி என்று போன வாரம் இரண்டு பக்கமும் புது புஷ் போட்டேன். இப்போது வேகத்தடையில் சத்தமே இல்லை.

கையெல்லாம் கறையோடு கிளம்பிப் போனீர்கள், துடைக்கத் துணிகூட நான் தரவில்லை. அதற்கு மன்னிப்பு, மற்றதற்கெல்லாம் நன்றி அண்ணே.