பூப்போட்ட ஃப்ளாஸ்க்

அன்புள்ள கயல்,

உன் மெயிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 2025 பிப்ரவரியில் ஜாம்பியாவில் அந்தச் சீனச் செம்பு ஆலையின் கழிவு அணை உடைந்து காஃபுவே ஆற்றில் அமிலம் கலந்து, கிட்வே ஊருக்கே குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த இடம் வந்ததும் "இப்ப என்ன தண்ணி குடிக்கிறாளாம்?" என்று கேட்டாள். அதை மட்டும் முதலில் எழுது.

நீ கோபத்தில் இருக்கிறாய், அதில் தப்பில்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "சீனாக்காரன் இந்த நாட்டையே வாங்கிட்டான், இவங்க வித்துட்டு சும்மா நிக்கிறாங்க." அதன் முன்பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. பின்பாதிதான் எனக்கு உறுத்தியது.

சின்ன வயதில் உனக்குப் பால் ஊற்றி வைத்த பூப்போட்ட சீன ஃப்ளாஸ்க் ஞாபகம் இருக்கிறதா? நான் அதே ஜாம்பியாவில், ம்பிகா ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது வாங்கியது. அது எப்படி அந்தக் கடைக்கு வந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1965இல் தெற்கே பக்கத்து நாடான ரொடீசியாவை (இப்போதைய ஜிம்பாப்வே) ஆண்ட வெள்ளையர்கள் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்ததும், கடலே இல்லாத ஜாம்பியாவின் செம்பு தெற்கே போகும் வழி சிக்கலானது. ஜாம்பியா ஜனாதிபதி கவுண்டாவும் தான்சானியா ஜனாதிபதி நியரேரேயும், தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட உலக வங்கியைக் கேட்டார்கள், கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டது. ஒத்துக்கொண்டது சீனா, அதுவும் தன் ஜனங்களுக்கே வயிறாரப் போட முடியாத காலத்துச் சீனா. கிட்டத்தட்ட நூறு கோடி யுவான் கடன், வட்டி கிடையாது. 1970இல் தொடங்கி ஐந்தே வருஷத்தில் 1,860 கிலோமீட்டர் தண்டவாளம். உள்ளூர்க் கூலிக்கும் செலவுக்கும் பணம் வேண்டுமே, அதற்குச் சீனச் சாமான்களைக் கடனாகக் கொண்டுவந்து இரண்டு நாட்டுக் கடைகளிலும் விற்றார்கள். அப்படி வந்து இறங்கிய சரக்கு வரிசையில் ஒன்றுதான் நம் ஃப்ளாஸ்க்.

அந்த வேலையில் அறுபதுக்கும் மேற்பட்ட சீனர்கள் செத்துப்போனார்கள், தார் எஸ் சலாமுக்கு வெளியே அவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டமே இருக்கிறது. சீனாவும் சும்மா செய்யவில்லை. 1971இல் ஐ.நா.வில் அதற்கு இடம் வாங்கிக்கொடுத்த 76 ஓட்டில் 26 ஆப்பிரிக்க ஓட்டு.

இப்போது கதை வேறு. 2020இல் ஜாம்பியா கடன் கட்ட முடியாமல் திணறியது. 2023இல் மற்ற அரசுகளுக்குக் கட்டவேண்டிய 630 கோடி டாலரைத் தள்ளித் தள்ளிக் கட்ட ஒப்பந்தம் ஆனபோது, அதில் 400 கோடிக்கு மேல் சீனாவின் ஒரே வங்கிக்குத்தான். அதே பழைய ரயிலைச் சீர்செய்து முப்பது வருஷம் நடத்தும் பொறுப்பை, 140 கோடி டாலர் முதலீட்டுப் பேச்சோடு, 2025இல் ஒரு சீனக் கம்பெனி எடுத்திருக்கிறது. இந்தத் தடவை லாபக் கணக்கு பார்த்துத்தான். அதே நேரம் மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்கா பணம் தருகிறது, ஜாம்பியா அதற்கும் தலையாட்டியிருக்கிறது. இரண்டு கடையிலும் விலை கேட்கிற ஆளை ஏமாளி என்று எப்படிச் சொல்வது?

சும்மா நிற்கிறார்கள் என்கிறாய். 2005இல் சம்பிஷியில் சீன வெடிமருந்து ஆலை வெடித்து ஐம்பது பேரளவில் போனார்கள். 2010இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி கேட்டு நின்றவர்களைச் சீன மேலாளர்கள் சுட்டார்கள். அந்த ஆத்திரத்தையெல்லாம் மேடையில் பேசித்தான் மைக்கேல் சாட்டா 2011இல் ஜனாதிபதி ஆனார். ஆன கொஞ்ச நாளிலேயே சீன முதலாளிகளை மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார்! சிரிப்பு வருகிறது, ஆனால் இந்த விளையாட்டு அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இப்போது ஆற்றங்கரை விவசாயிகளும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

சீனர்கள் வேலிக்குள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், யாரோடும் ஒட்டுவதில்லை என்றும் எழுதியிருந்தாய். 2020 ஏப்ரலில் குவாங்சோவில் கொரோனாவைச் சாக்கிட்டு ஆப்பிரிக்க வியாபாரிகளைக் குடியிருந்த வீட்டைவிட்டே தெருவில் தள்ளியதைப் பார்த்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் கயல், நான் எட்டு வருஷம் ஜாம்பியாவில் இருந்தேன். நம்மவர்கள் பத்துக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் சாம்பார், யார் வீட்டில் மீன்குழம்பு என்றே காலம் போயிற்று. பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த, அந்தப் பக்கத்துப் பெம்பா இனத்து வாத்தியார் எத்தனையோ தடவை கூப்பிட்டார், நான் அவர் வீட்டில் ந்ஷிமா (அவர்களுடைய சோளமாவுக் களி) சாப்பிட்டது மொத்தம் இரண்டே முறை. இரண்டாவது முறை அவர் அம்மா செத்த பிறகு. அந்த ஊர் ஜனங்களைப் பற்றி நாங்கள் வீட்டுக்குள் தமிழில் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால்தான் உன் அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அது என் பழைய குரல் மாதிரியே இருந்தது.

சரி, உன் ஆபீஸில் அந்த அக்கா தன் ஊர்க் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதாகவும், தூரம் என்று தட்டிக்கழித்ததாகவும் போன மாதம் சொன்னாய். அவள் ஊர் ம்பிகா பக்கம்தானே? போய்விட்டு வா. அந்த ரயில் பாதையின் ஸ்டேஷன் அங்கே இருக்கிறது, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஃப்ளாஸ்க் பரணில்தான் இருக்கிறது, உள்கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது, அம்மா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறாள்.

தண்ணீர் விஷயம் மறக்காதே.

அன்புடன்,
அப்பா