மூன்றாம் மாதமும் வேலையில் இருக்க: காது கேளாதோர் தொழில் ஆலோசனைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

திருப்பூரில் காது கேளாத ஒருவருக்கு வேலை கிடைப்பது பெரிய பாடில்லை. பனியன் கம்பெனி வாசலில் "டெய்லர் தேவை" போர்டு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கை ஓடினால் அன்றைக்கே பவர் டேபிளில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அதே ஆள் அடுத்த கம்பெனி வாசலில் நிற்பதுதான் சிக்கல். தையல் வராததால் அல்ல. ஷிப்ட் மாறியது தெரியாமல், லீவு சொல்ல முடியாமல், சனிக்கிழமைச் சம்பளத்தில் பீஸ் ரேட் கணக்கு இடித்தால் கேட்க வழியில்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

இதற்காக ஞாயிறுதோறும் ஓர் ஆலோசனை மேசையும், வாரம் ஒரு நாள் கம்பெனிக்கே நேரில் போய்ப் பார்க்கும் ஏற்பாடும் தொடங்குகிறோம். ஓராண்டுச் செலவு ரூ.5,82,000.

சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. முன்பு தொழில் மறுவாழ்வு மையம் என்று பெயர். நல்ல இடம்தான். ஆனால் ஷிப்ட் கணக்கில் கூலி வாங்குபவர் இங்கிருந்து அங்கே போய்வர இரண்டு நாள் கூலியை விட வேண்டும். மேற்பார்வையாளரோடு வந்த மனத்தாங்கலுக்காக யாரும் ரயிலேற மாட்டார்கள்.

மேசையில் முதல் சந்திப்புக்கு ஒன்றரை மணி நேரம். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார், பள்ளிச் சான்று, கேட்புத்திறன் சோதனை அறிக்கை நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டுகின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் இந்த இரு பிரிவினருக்கும் சேர்த்து. அதற்கு முயல்பவர்களின் தாள்களை முதலிலேயே ஒழுங்குபடுத்திவிட வேண்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இந்தச் சந்திப்பை நடத்த மாட்டோம். அம்மாவோ அண்ணனோ கூட வந்து சைகை செய்து சொன்னால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்ற கேள்வி பையனைப் போய்ச் சேருவதற்குள் "எதுன்னாலும் செய்வாங்க" என்று அம்மாவிடமிருந்து பதில் வந்துவிடும். பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவர்களும் வருவார்கள். அவர்களிடம் பெயர்ப்பாளரின் இந்திய சைகை மொழியும் முழுதாக எடுபடாது. காது கேளாத வழிகாட்டி ஒருவர் நடுவில் இருந்து, படம் காட்டி, நடித்துக் காட்டிப் பிடிக்க வேண்டும். அந்த வழிகாட்டிக்கும் ஊதியம் உண்டு. "உங்க ஆளுங்களுக்குத்தானே, சும்மா செய்யலாமே" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அதன்பின் கை வேலை பார்ப்பது: ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஒவ்வொன்றிலும் அரை மணி. நூல் அறுந்தால் மற்றவர்கள் சத்தத்தில் அறிவார்கள். இவர்கள் துணியின் மேல் இருக்கும் விரலில் அதிர்வு மாறுவதை வைத்து அறிவார்கள். அதனால் தையல் இவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஒன்றை மட்டும் கம்பெனிக்காரர்கள் மறக்க வேண்டும்: "ஏற்கெனவே காது கேக்காது, இரைச்சல் இடத்துல போட்டா என்ன கெடும்?" கேட்கும் திறன் குறைந்தவருக்கு மிச்சமிருப்பதும் போய்விடும். காது அடைப்பான் அவருக்கும் வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என நான்கு முறை கம்பெனிக்குப் போவோம். பணத்தின் பெரும்பகுதி போவது இதற்குத்தான். மேற்பார்வையாளரைக் கண்ணாடி முன் நிற்கவைத்து, சத்தமில்லாமல் "மணி" என்றும் "பணி" என்றும் சொல்லச் சொல்வோம். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். "மாலை", "பாலை" இரண்டும் அப்படியே. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அதோடு போய்விடும். பிறகு மூன்று ஏற்பாடுகள். ஸ்டைல் நம்பர், அளவு, எண்ணிக்கை, ரேட் நான்கும் அட்டையில் எழுதி மிஷினில் தொங்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் கூடாது. இவர்கள் போனில் அது வெறும் கோடாகத்தான் தெரியும். லீவுக்கு ஒரே ஒரு எண், அதற்குப் பதில் ஒரு கட்டைவிரல். பதில் வராத லீவு ஆப்சென்ட்டாக விழுந்து, அதில்தான் பல வேலைகள் போகின்றன.

தீ எச்சரிக்கைக்கு மினுக்கு விளக்கு, பத்து கம்பெனிக்கு முதல் சுற்றில் நாங்களே தருகிறோம். ஹூட்டர் (எச்சரிக்கைச் சங்கு) கம்பியிலேயே விளக்கையும் கோத்துவிடலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார். விளக்கு கூடினால் பேனலின் மின்னோட்டம் போதாமல் ஹூட்டரே மங்கும். தனி ரிலே, பேட்டரியோடு தனி 24 வோல்ட் சப்ளை வேண்டும். நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும்; சிவப்பு என்றால் மிஷின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். நொடிக்கு ஒரு முறை மினுக்கினால் போதும், வேகமாக மினுக்கினால் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. கழிப்பறையிலும் ஒன்று கட்டாயம்; தனியாக இருக்கும்போது தோளைத் தட்டிச் சொல்ல ஆளில்லை.

கணக்கு: பகுதிநேர ஆலோசகருக்கு மாதம் ரூ.18,000, ஆண்டுக்கு ரூ.2,16,000. பெயர்ப்பாளருக்கு நாளொன்றுக்கு ரூ.2,000, மாதம் எட்டு நாள், ஆண்டுக்கு ரூ.1,92,000. வழிகாட்டிக்கு மாதம் ரூ.6,000, ஆண்டுக்கு ரூ.72,000. விளக்குத் தொகுப்பு ஒன்று ரூ.4,500 வீதம் பத்துக்கு ரூ.45,000. மின்சாரம், அச்சுச் செலவு ரூ.24,000, போக்குவரத்து ரூ.18,000, பட அட்டைகளும் பயிற்சித் துணியும் ரூ.15,000. அறைக்கு வாடகை இல்லை. ரூ.2,000 தருபவர் ஒரு நாள் பெயர்ப்பாளரைத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொருளாகத் தருவதானால் முன்பக்கக் கேமரா வேலை செய்யும் பழைய ஸ்மார்ட்போன் தாருங்கள். காதுக் கருவிக்கு 13, 675 எண் பேட்டரிகளைப் பிரிக்காமல் தாருங்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் காற்றுப் பட்டு, பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துபோகும். பழைய காதுக் கருவி வேண்டாம். காதுக்குள் பொருந்தும் அச்சு ஒருவர் காதுக்கென்றே வார்த்தது, ஒலி அளவும் அவருக்கென்றே வைத்தது.

வருமான வரி 80ஜி பதிவு எங்களுக்கு இன்னும் இல்லை. வரிச்சலுகையை எதிர்பார்த்துத் தருபவர்கள் இதைக் கவனிக்கவும். வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் இல்லாததால் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க இயலாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். இந்த நோட்டீசைக் கொண்டுவரும் உறுப்பினரிடம் எண்ணிட்ட ரசீது இருக்கும். ரசீதில்லாமல் பத்து ரூபாயும் தர வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவு மேசை வாசலில் ஒட்டப்படும்.

கம்பெனி நடத்துபவர்களிடம் பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறோம்: மாதத்தில் ஒரு மணி நேரம், லைன் மேற்பார்வையாளரை எங்களுக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்
திருப்பூர்