முதல் 20 நிமிடத்துக்கு நீ வேண்டும்

அன்புள்ள குட்டிம்மா,

போன வாரம் போனில் "இன்னுமாப்பா அந்தக் கார் முடியல?" என்று கேட்டாய். கையெல்லாம் கிரீஸ், அதனால் சரியாகப் பேச முடியவில்லை. நம் பான்டியாக் ஜிடிஓ முடியப் போகிறது அம்மாடி. இன்ஜின் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆனால் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை, நீ வரும்வரை செய்யவும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நீ வேலைக்குக் கிளம்பிப் போனபோது அது வெறும் கூடு. வலது பக்கம் பின் சக்கரத்துக்கு மேலே நீதான் காந்தத்தை வைத்துப் பார்த்தாய், அது ஒட்டாமல் நழுவி விழுந்தது. "அப்பா, இங்க இரும்பே இல்ல" என்றாய். நான் நம்பவில்லை. நீ போன பிறகு உளியை வைத்துத் தட்டினால் அரை அங்குலக் கனத்துக்குப் பட்டி, பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் கம்பி வலை, அதற்கும் பின்னால் துரு தின்ற ஓட்டை, என் கை முழுசாக நுழைந்தது. முன்னால் வைத்திருந்தவர் வலையை அடைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார். இரண்டு நாள் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் மேலும் தப்பு உண்டு. முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வண்டி எண் 242 என்று தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 242 என்றால் நிஜமான ஜிடிஓ. 237 என்றால் லெமான்ஸ், அதே கம்பெனியின் சாதாரண மாடல், அதில் பேட்ஜை ஒட்டி ஜிடிஓ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் தகட்டைப் பார்க்காமல் விட்டேன்.

சரி, ஓட்டையைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தேன். ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு ஓலை மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்து மறுபடி ஒரு புள்ளி. ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு சாயங்காலமே போய்விட்டது. இப்போது அங்கே காந்தத்தை வைத்தால் பிடுங்கி எடுக்க வேண்டும், நீ வந்ததும் வைத்துப் பார்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு வித்துட்டுப் புதுசு வாங்கலாமே" என்று ஒருமுறை சொன்னாய். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் கம்பெனிகளுக்கெல்லாம் விதி போட்டிருந்த காலத்தில், அவற்றில் ஒன்றான பான்டியாக்கில் தலைமை இன்ஜினியராக இருந்த ஜான் டிலோரியனும் கூட இருந்தவர்களும் லெமான்ஸ் காருக்கு 'ஆப்ஷன்' (விரும்பினால் சேர்த்து வாங்குவது) என்று பெயர் வைத்து 389 கன அங்குல இன்ஜினை உள்ளே நுழைத்தார்கள். அதுதான் 1964-ல் வந்த முதல் ஜிடிஓ. நம்முடையது 1968, 400 கன அங்குலம், ஏறக்குறைய ஆறரை லிட்டர், 350 குதிரைத்திறன். பான்டியாக் என்ற பெயரே இப்போது எந்தப் புதுக் காரிலும் கிடையாது. இருக்கிறதைக் காப்பாற்றினால்தான் உண்டு, எனக்கு இதை விற்க மனசு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டான கேம் ஷாஃப்டும், அந்த மேட்டில் ஏறி இறங்கும் டேப்பெட்டும் புதுசாகப் போட்டிருக்கிறேன். இந்தப் பழைய வகையில் டேப்பெட்டின் அடிப்பாகம் கேமின் மேட்டில் நேராக உரசி ஓடும், இரண்டும் ஒன்றுக்கொன்று பழகுவது முதல் 20 நிமிடத்தில்தான். ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழே விடக் கூடாது. மெதுவாக ஓடினால் கேமுக்கு எண்ணெய் போதுமான அளவு தெறிக்காது, மேடு தேய்ந்து இரும்புத் தூள் இன்ஜின் முழுக்கப் பரவி, எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். இப்போது வருகிற எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கும் என்று. அதனால் இதற்கென்று தனி எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்யும் முன்னால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ட்ரில்லால் எண்ணெய் பம்பைச் சுற்றி, மேலே வால்வை அழுத்தும் ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். கார்புரேட்டரிலும் முன்கூட்டியே பெட்ரோல் ஊற்றிவிடுவேன், வெறுமனே ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கேமில் தடவிய பசை போய்விடும்.

இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. நான் முன்னால் குனிந்து டைமிங்கை, அதாவது தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும், எங்காவது ஒழுகுகிறதா, தட்டுகிற சத்தம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். உள்ளே ஒருத்தர் ஆக்சிலேட்டரில் கால் வைத்து, எண்ணெய் அழுத்தத்தையும் சூட்டையும் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். காந்தம் விழுந்ததைப் பார்த்தவள் நீ, உள்ளே உட்கார வேண்டியதும் நீதான்.

அழுத்தமானி முள் சரிந்தால் என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, உடனே சாவியை அணைத்துவிடு. பழைய உடுப்பாகக் கொண்டு வா. எந்தத் தேதி என்று மட்டும் சொல், முந்தின ராத்திரியே பாட்டரியை சார்ஜில் போட்டு வைக்கிறேன்.

அப்பா