ஓபிஎஸ் முகாம் போய் வந்த பிள்ளைக்கு

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

எது கேட்டாலும் "பிஸிமா" என்றே பதில் வருகிறது, அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி. பாட்டிக்கு முட்டி வலி தேவலாம். நீ ஒழுங்காகச் சாப்பிடு, அறையிலேயே அடைந்து கிடக்காதே.

எதிர்வீட்டுப் பெண் உயர்நிலை மூன்றுக்கு வந்துவிட்டாள், அடுத்த வாரம் ஓபிஎஸ், அதுதான் அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியின் முகாம். ஐந்து நாள் புலாவ் உபின் தீவில் வேற்றுப் பள்ளிப் பிள்ளைகளோடு கூடாரத்தில் எப்படி இருப்பாள் என்று அவள் அம்மா பயப்படுகிறார். நான் உன்னைத்தான் சொன்னேன். கயாக்கில் கை ஓய்ந்துபோய் "என்னால் முடியல, கொஞ்சம் மெதுவா போ" என்று முன்னால் இருந்த பையனிடம் கேட்டாயாமே, அவனும் உனக்காக வேகத்தைக் குறைத்தானாமே! நீ வீட்டில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தாத்தாவும் அப்படித்தான், உனக்கே தெரியும். துடுப்புப் போடுவது மறந்துபோனாலும் பரவாயில்லை, அப்படிக் கேட்டதுதான் எனக்குப் பெருமை.

1967இல் அமைச்சர் கோ கெங் சுவீ இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய இந்தப் பள்ளிக்கு மூலம் நீ இருக்கும் பிரிட்டனில்தான், வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில், 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது. கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தவிக்கும்போது வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், உடல் பலமுள்ள இளைஞர்கள்தான் முதலில் மனம் விட்டுப் போகிறார்கள் என்று கப்பல் கம்பெனி நடத்திய லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டாராம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி சிறையில் போட்ட ஆசிரியர் கர்ட் ஹானோடு சேர்ந்து அங்கே பள்ளியைத் தொடங்கினார். நல்ல உடம்புள்ள பிள்ளைகளே மனம் விட்டுப் போனார்களாம், தம்பி. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பர்மிங்ஹாமிலிருந்து ரயிலிலேயே அபர்டோவிக்குப் போகலாமாம். ஆனால் தனியாகப் போகாதே. பல்கலைக்கழகத்தில் மலை நடைக்குழு ஏதாவது இருக்கும், அதில் சேர். மழையில் நாலு பேரோடு நடந்து, சேர்ந்து சமைத்து, ராத்திரி வட்டமாக உட்கார்ந்தால் மனதில் கிடப்பது தானாகப் பேச்சில் வரும். நான் போனில் கேட்டால் வராது என்று எனக்கும் தெரியும். நல்ல மார்க் எடுக்கிறாய், யார் கேட்டாலும் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் இந்த வருஷம் ஒரு நண்பன் பெயர்கூட நீ என்னிடம் சொல்லவில்லையே.

மழைக்கோட்டுக்கும் பூட்ஸுக்கும் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. அறையை விட்டு வெளியே வா, கண்ணா. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அம்மா