கருவி வாங்குவதற்கு முன்: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, லண்டன், சுவிஸ் எங்கும் பரந்திருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்கும் பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய சக்கர நாற்காலிகளில் எத்தனையோ பேர் இன்று வாசல்வரை வருகிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. இப்போது சிலர், பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த கையைப் பயிற்றுவிக்கும் ரோபோக் கருவிக்குப் பணம் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். சேர்க்க வேண்டாம் என்பதே என் எண்ணம். பிரித்தானியாவில் 770 பேரிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், ரோபோப் பயிற்சி பெற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையைவிடக் கை கூடுதலாக இயங்கவில்லை.

பலன் தருவது வேறு. பாரிசவாதத்துக்கென்றே பழகிய குழு உள்ள ஆஸ்பத்திரி விடுதியில் வைத்துப் பார்த்தால், சாதாரண விடுதியைவிட நூறு பேருக்கு இரண்டு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். ஆறு பேர் கூடுதலாகத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கிறார்கள். 29 பரிசோதனைகளைத் தொகுத்த கணக்கு இது.

அந்தக் குழு செய்வது பார்வைக்குச் சின்ன வேலைதான். இயன்மருத்துவர் காலையில் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறப் பழக்கிய அதே முறையில்தான் இரவுத் தாதியும் கைகொடுப்பார். இடப்பக்கத்தைக் கவனிக்காத நோயாளிக்குத் தேத்தண்ணியை வேண்டுமென்றே இடப்பக்கம் வைப்பார்கள், தலை திரும்பட்டும் என்று. புரையேறுகிறதா என்று பார்த்துத்தான் சோறு. ஒற்றைக் கையால் சாரம் கட்டுவதற்கே ஒரு கிழமை போகும்.

"வீட்டில் ஆக்கள் இருக்கினம்தானே, அவையள் செய்யட்டும்" என்பார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் அதையும் சோதித்தார்கள். குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யவைத்தும், 2017இல் வந்த முடிவில் வித்தியாசம் இல்லை. சிகிச்சையாளரின் இடத்தை மகளோ மனைவியோ நிரப்ப முடியாது.

ஆனால் மகள் கூட நிற்காவிட்டால் நோயாளியும் விடுதியில் நிற்கமாட்டார். நாட்கூலி போகிறது, பஸ் காசு, கடைச் சாப்பாடு. எழுந்து நிற்கத் தொடங்கும் நேரத்தில் "துண்டை வெட்டி விடுங்கோ" என்று, வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் குடும்பமே கேட்கும். தெற்கே ராகமவிலோ திகனவிலோ உள்ள புனர்வாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினால் செலவு இன்னும் ஏறும். தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் மோட்டார் நியூரோன் நோய் போன்றவை எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் மாறாது என்பது உண்மை. பாரிசவாதமும் முள்ளந்தண்டுக் காயமும் அப்படியல்ல.

ஆகவே கருவிக்கென ஒதுக்க நினைக்கும் தொகையில், கூட நிற்பவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் நாட்கூலி ஈடும் கொடுக்கும் நிதியொன்றை வையுங்கள். யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பதை விடுதிப் பொறுப்பு வைத்தியரும் சிகிச்சையாளரும் தீர்மானிக்கட்டும். பெயர்ப்பலகை மாட்ட இடம் கிடைக்காது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி
கொக்குவில்