பி.ஏ. படுத்துவிட்டால் மனுவும் படுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையை ஒட்டி நெல்லைச் சீமையில் காய்ச்சல் பரவும். அந்த நேரத்தில் எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலகப் படியேறுகிறவர்கள் அவர்களுடைய தனி உதவியாளர் (பி.ஏ.) பற்றிக் கேட்கும் பதில்: "பி.ஏ.வுக்கு மேலுக்குச் சரியில்ல, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் அவர் வருவதில்லை. வரச் சொல்லி நெருக்குவதும் தவறு.

டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஓரிரு நாள்தான் கண்டம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதும் ரத்தப்போக்கும் பெரும்பாலும் அப்போதுதான். "சூடுதான் விட்டுட்டே, வண்டியில ஏறும்" என்று தலைவர் கூப்பிட, பி.ஏ.வும் உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பாராசிட்டமால் தவிர்த்த பல வலி மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டும். கண்டம் தாண்டினாலும் அசதி வாரக்கணக்கில் இருக்கும். சிக்குன்குனியா என்றால் மூட்டுவலி மாதக்கணக்கில் நீளும். மருத்துவர் தகுதிச் சான்று தரும்வரை காத்திருங்கள். வந்த முதல் வாரம் அரை நாள் மேசை வேலை போதும். இரவுச் சுற்றுப்பயணம் வேண்டாம்.

அதுவரை வேலை நிற்பது ஏன்? எல்லாம் அவர் தலைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் இருப்பதால்தான். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 2023 ஏப்ரலிலிருந்து அதற்கான பரிந்துரை இணையதளம் வழியாகத்தான் போகிறது. கடவு எண் (ஓ.டி.பி.) வரும் கைப்பேசி பி.ஏ. வீட்டுக் கட்டிலில் கிடந்தால் பரிந்துரையும் அங்கேயே கிடக்கும். அலுவலகத்துக்கென்று தனி எண் வாங்கிப் பதிந்துவிட வேண்டும்.

காத்திருப்புப் பட்டியலில் உள்ள பயணிக்கு இடம் கேட்டு எழுதும் ரயில் அவசர ஒதுக்கீட்டுக் கடிதம் இன்னும் நெருக்கடியானது. பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரான பிறகு போனால் காகிதத்துக்குக்கூட மதிப்பில்லை. முந்தின நாளே போய்ச் சேர வேண்டும், பி.என்.ஆர்., வண்டி எண், தேதி, வகுப்பு, பயணியின் கைப்பேசி எண் ஐந்தும் இருக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு இது தவறினால் இரவெல்லாம் நின்றுகொண்டுதான் பயணம். இதற்காகக் கையெழுத்திட்ட வெற்றுத்தாளைப் பீரோவில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விட்டொழிக்க வேண்டும். யார் கையில் சிக்கினாலும் வம்பு.

மனுக்களுக்கு ஒரே பதிவேடு போதும்: தேதி, மனுதாரர், ஊர், கைப்பேசி எண், அனுப்பிய துறை, அங்கிருந்து வந்த ந.க. எண் (அத்துறை கோப்புக்கு இடும் எண்), நினைவூட்ட வேண்டிய நாள். இதில் ந.க. எண் பகுதிதான் பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்த எண் இல்லாமல் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் போய்க் கேட்டால், பிரிவு பிரிவாக அலைய வேண்டியதுதான். மாற்றாள் ஒருவர் வாரம் ஒரு நாளாவது இந்தப் பதிவேட்டில் தன் கையால் எழுதிப் பழக வேண்டும். பி.ஏ. நோயில் விழுந்த பிறகு சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

காந்தியிடம் 1917 முதல் செயலாளராக இருந்தவர் மகாதேவ் தேசாய். 1938இல் அவர் உடல் தளர்ந்து ஓய்வில் இருந்தார். அவ்வாண்டு காந்தி வடமேற்கு எல்லைப்புற மாகாணம் சென்றபோது உடன்போய்க் குறிப்பெழுதியவர் பியாரேலால். அவர் அன்று புதிதாகப் பிடித்துவரப்பட்டவர் அல்லர்; ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து வேலை கற்றவர்.

நம் மாவட்ட மக்கள் பிரதிநிதிகள் அடுத்த அடைமழைக்கு முன் மாற்றாளை அமர்த்தி, அவர் பெயரையும் அலுவலக எண்ணையும் வாசல் பலகையில் எழுதிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தனி உதவியாளர் பணியிலிருந்து ஓய்வுபெற்றோர் சிலர்,
பாளையங்கோட்டை.